தாணு சாரின் ஜோடி இங்கிலீஷ்

குற்றாலம் பேரருவியில் வெள்ளம். போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றிவிட்டார். தண்ணீர் இறங்குகிறவரைக்கும் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயைப் பூசிக்கொண்டு வெட்டியாக நிற்பதற்குப் பதில் ஓர் உண்மைக் கதை கேளுங்கள். நூற்றுக்கு நூறு உண்மை. தாணு என்று ஓர் ஆள் தென்காசியில் இருந்தது உண்மை. இந்த வளைவைத் தாண்டினால் சாரல் விலாஸ் என்று ஒரு லாட்ஜ் இருந்தது உண்மை. அச்சன்புதூரில் அந்தக் கூட்டம் நடந்தது உண்மை.

சரி, மறைப்பானேன். நடுநடுவே கொஞ்சம் இழுத்துத்தான் விட்டிருக்கிறது. முக்கால் கெஜத்தை இழுத்துப் பிடித்து ஒரு கெஜமாக அளக்காத ஜவுளிக்கடை இந்தப் பக்கத்தில் எங்கே இருக்கிறது? அதே அளவு இழுவைதான், அதற்கு மேல் இல்லை. கதையில் வரப்போகிற அதிகாரியின் தொப்பை நிஜத்தில் அவ்வளவு பெரிதாக இருந்திருக்காது. தாணு பெண்டாட்டியின் வாயை மட்டும் குறைத்துச் சொல்லியிருக்கிறது. முழுசாகச் சொன்னால் நம்பமாட்டீர்கள்.

தாணு எட்டாம் வகுப்பு வரை படித்தவன். எட்டாம் வகுப்பின் முன்வாசல் வழியாக நுழைந்து பின்வாசல் வழியாக வெளியே வந்தவன் என்றால் இன்னும் சரி. ஐம்பதாம் வருஷமோ ஐம்பத்தொன்றோ, முப்பது வயதில், சாரல் விலாஸில் அறைவேலைக்குச் சேர்ந்தான். விடியலில் தென்காசியிலிருந்து நடந்தே குற்றாலம் வந்துவிடுவான். வெந்நீர் சுமப்பது, எச்சில் கோப்பை கழுவுவது, ஈரத்துணி உலர்த்துவது, குரங்கு விரட்டுவது எல்லாம் அவன் பாடு. சாரல் மூன்று மாதமும் ஈரத்துணி உலராது. ஆனாலும் உலர்த்தியாக வேண்டும். 'குரங்கு தூக்கிச் செல்லும் பொருள்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று முன்கட்டில் ஒரு பலகை தொங்கியது. ஒரு நாள் அந்தப் பலகையையே குரங்கு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கும் நிர்வாகம் பொறுப்பேற்கவில்லை.

நிர்வாகம் என்றால் முதலாளி சுந்தரபாண்டியன். அவர் மேஜைமேல் விசிட்டர்ஸ் புக் என்று தலையணை கனத்தில் ஒரு புத்தகம் கிடக்கும். அறையைக் காலி செய்கிறவர்கள் அதில் தங்கள் அபிப்பிராயத்தை எழுதிவிட்டுப் போக வேண்டும். செங்கோட்டைக்கு மேலே தேயிலைத் தோட்டம் நடத்திய வெள்ளைக்காரத் துரைமார், மதுரை வக்கீல்கள், ரிட்டையரான ஜட்ஜுகள் எல்லோரும் எழுதினார்கள். எல்லாம் இங்கிலீஷ். சுந்தரபாண்டியனுக்கு அதில் ஓர் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் அவரிடம் ஓர் அளவுகோல் இருந்தது.

"ஏலே தாணு, நல்லா இருந்துச்சுன்னா மனுசன் ரெண்டு வார்த்தையில முடிச்சிட்டு பஸ்ஸைப் பிடிக்கப் போயிருவான். பக்கம் பூராவும் எழுதியிருக்கான்னா திட்டியிருக்கான்னு அர்த்தம். நீளமா இருக்கிறதையெல்லாம் கிழிச்சு வெந்நீர் அடுப்புல போடு."

இந்த அளவுகோல் ஒரு தடவைகூடத் தப்பவில்லை. அவ்வளவு நல்ல லாட்ஜ் அது. மாதத்துக்கு நாற்பது பக்கம் கிழித்தான் தாணு. ஆனால் அடுப்பில் போட மனசு வரவில்லை. துரை கையெழுத்து. அதுவும் பேனா முனை தாளைப் பொத்தல் போடுகிற அளவுக்கு அழுத்தி, ஆவேசமாக எழுதிய கையெழுத்து. மடித்து இடுப்பில் செருகி வீட்டுக்குக் கொண்டுபோனான். ஒரு தகரப்பெட்டி நிறைந்தது. யாரோ அறையில் விட்டுப்போன அகராதி ஒன்றும் கிடைத்தது. அதில் கடைசி இருபது பக்கத்தைக் குரங்கு தின்றுவிட்டதால், அந்தப் பக்கத்து வார்த்தைகளோடு தாணு கடைசிவரை பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளவில்லை.

கிழித்த தாள்களை எழுத்துக் கூட்டி வாசிக்க வாசிக்க அவனுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. எழுதியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஊர் வேறு, வருஷம் வேறு, மை வேறு. ஆனால் 'பிட்டர்' என்று ஒருத்தர் எழுதினால் பின்னாலேயே 'டிஸப்பாயின்ட்மென்ட்' வருகிறது. கசப்பான ஏமாற்றமாம். 'க்ராஸ்' வந்தால் 'நெக்ளிஜென்ஸ்' வருகிறது. படு அலட்சியம். 'ஃபவுல்' வந்தால் 'ஸ்மெல்'. அது என்ன என்று சாரல் விலாஸில் வேலை பார்த்தவனுக்கு அகராதி தேவைப்படவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தேயிராதவர்கள் எல்லோரும் ஒரே ஜோடியை எழுதுகிறார்கள் என்றால், இங்கிலீஷில் வார்த்தைகளுக்கு எப்போதோ கல்யாணம் முடிந்துவிட்டது, ஒற்றை வார்த்தை ஊருக்குள் தனியாக நடமாடுவதில்லை என்று தாணு கண்டுபிடித்தான். பள்ளிக்கூடத்தில் ஒற்றை ஒற்றையாக வார்த்தை சொல்லிக் கொடுத்ததால்தான் தனக்கு வரவில்லை என்றும், தப்பு தன் மேல் இல்லை என்றும் கூடவே கண்டுபிடித்துக்கொண்டான்.

அவன் பெண்டாட்டி முப்பிடாதியம்மாள் மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே இதையெல்லாம் பார்த்தாள்.

"நாலு வருசமா குப்பையைச் சுமந்துட்டு வாரிய. சம்பளத்தைச் சுமந்துட்டு வந்தா வீட்டுல இடமில்லன்னா சொல்லப்போறேன்?"

"குப்பை இல்லட்டி. துரைமார் கோவத்துல எழுதினது. கோவத்துலதான் மனுசனுக்கு நல்ல பாஷை வரும். உன்னையவே எடுத்துக்கோ. சும்மா பேசினா நாலு வார்த்தை பேசுத. என்னைய ஏசும்போது எப்படி வருது, அருவி கணக்கா."

"அப்படின்னா என்னைய வச்சே படிச்சிருக்கலாம்லா. குத்தாலம் வரைக்கும் எதுக்குப் போவணும்?"

தாணு தகரப்பெட்டியைக் கிளறிப் பார்த்தான். இதற்குப் பதில் எந்தத் துரையும் எழுதி வைக்கவில்லை.

இப்படியே போயிருந்தால் தாணு வெந்நீர் வாளியோடு வாழ்ந்து முடித்திருப்பான். மசூது வந்து கெடுத்தான். மசூது அச்சன்புதூர் நெசவாளர் சங்கத்தில் எழுத்து வேலை பார்க்கிறவன். அந்த வருஷம் நூல் தட்டுப்பாடு. தறியெல்லாம் சும்மா கிடந்தது. மேலிடத்துக்கு நூல் கேட்டுப் பதினேழு மனு அனுப்பியாகிவிட்டது. பதினெட்டாவதைத் தபாலில் சேர்க்கத் தென்காசிக்கு வந்தவன், தபாலாபீஸ் வாசலில், முதலாளியின் கடித உறைகளை ஒட்டிக்கொண்டிருந்த தாணுவிடம் பசை கேட்டான். தாணு பசை கொடுக்காமல் மனுவை வாங்கி வாசித்தான்.

"யாருவே இதை எழுதினது?"

"நான்தான் அண்ணாச்சி. ஏன், தப்பா?"

"தப்பெல்லாம் இல்ல. ஆனா முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் காலைப் பிடிச்சிக்கிட்டே கிடக்கு. எந்திரிச்சு நிக்கவே மாட்டேங்குது. மிகத் தாழ்மையோட கெஞ்சுதேன், பணிவோட கெஞ்சுதேன்னு இருந்தா வாசிக்கிறவனுக்குத் தூக்கம் வராதா? இங்கன உக்காரும்."

தபாலாபீஸ் படியிலேயே உட்கார்ந்து நாலு ஜோடி போட்டு எழுதிக் கொடுத்தான். கசப்பான ஏமாற்றம் ஒன்று. படு அலட்சியம் ஒன்று. விளக்கமில்லாத தாமதம் ஒன்று. கடைசியில் ஒரு துரை கொசுவலை கிழிந்திருந்ததற்காகக் கேட்டிருந்த 'ஸ்டெர்ன் ஆக்‌ஷன்', அதாவது கடும் நடவடிக்கை. எல்லாம் கொதிக்கக் கொதிக்க.

ஒன்பதாம் நாள் அச்சன்புதூருக்கு நூல் வந்து இறங்கியது. லாரியில் நூல் வந்தது, லாரிக்குப் பின்னால் ஜீப்பில் இரண்டு ஆபீசர்கள் வந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் சைக்கிளில் ஒரு பியூன், 'நூல் போதுமா, இன்னும் வேணுமா' என்று கேட்டுக்கொண்டே வந்தான். பியூன் மட்டும் கொஞ்சம் இழுத்தது. நூல் வந்தது நிஜம். பதினேழு மனுவில் கும்பிட்டபோது திரும்பிப் பார்க்காதவர்கள் ஒரு மனுவில் அதட்டியதும் ஓடி வந்தார்கள். அதட்டுகிற தைரியம் யாருக்கு இருக்கும், மேலே வேண்டியவன் இருக்கிறவனுக்குத்தானே என்று அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

சங்கத் தலைவர் ஹபீபுல்லா சாயபு மறுநாளே தாணுவைக் கூப்பிட்டுவிட்டார். நூல் கிடங்கில் சாயங்காலம் இங்கிலீஷ் வகுப்பு. கடிதம், மனு, விண்ணப்பம் எழுதத் தெரிய வேண்டும். படிக்க வந்தவர்கள் இருபது பேர், எல்லோரும் மீசை வைத்த ஆண்கள். இதுவரைக்கும் அவன் என்று சொல்லிவிட்டோம், இனிமேல் அவர். தாணு சார்.

தாணு சார் பாடம் நடத்திய விதம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. ஆளுக்கு ஒரு வார்த்தை. அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிவிடுவார். தன் ஜோடியைத் தேடிப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வேண்டும். சார் ஒரு ஜோடியை வாசித்தால் அந்த இருவரும் சட்டென்று எழுந்து நிற்க வேண்டும். எழாதவனுக்கு அன்றைக்குக் கிடங்கு பெருக்குகிற வேலை. பெருக்குவதற்குப் பயந்து, தூக்கத்தில் சொன்னாலும் எழுந்து நின்றார்கள்.

"ரெயினுக்கு ஹெவிதான் மாப்பிள்ளை," என்பார் சார். "ஸ்ட்ராங்கை அனுப்பினா வாசல்லயே நிறுத்திருவா. ஸ்ட்ராங்கு காப்பி வீட்டுல பொண்ணு எடுத்தவன். அவனை மழைக்கு வரச் சொன்னா எப்படி வருவான்?"

"சார், தறியில நம்ம இஷ்டத்துக்கு ஊடு நூலை மாத்துதோம். இதுல மாத்துனா என்ன?" என்று கேட்டான் மசூது.

"மாத்தும். அப்புறம் நீரு நெய்தது துண்டா துப்பட்டியான்னு வாங்குதவனுக்குத் தெரியாது."

மாதம் இரண்டு ஆவதற்குள் ஊரில் சொந்தப் பேர் போய் அட்டைப் பேர் நிலைத்துவிட்டது. மசூது 'க்ராஸ்'. பரீது 'டிஸப்பாயின்ட்மென்ட்'. "ஏலே பிட்டர், எங்கலே போற?" "டிஸப்பாயின்ட்மென்டைத் தேடிப் போறேன்." பரீதின் உம்மா ஹைருன் பீவி சண்டைக்கே வந்துவிட்டாள். அவனுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் முன்னால் ஒருத்தன் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டானாம். பெண் வீட்டார் கோபித்துக்கொண்டார்களா என்று சார் பதறிக் கேட்டார்.

"கோவமா? பேரு நீளமா இருக்கே, பெரிய குடும்பம் போலன்னு தேதி குறிச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அந்தப் பொண்ணு புடிக்கல."

மாணவர்கள் எழுதியது எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தது. தகரப்பெட்டியில் கோபம் தவிர வேறு சரக்கு இல்லையே. பரீது கொழும்பிலிருந்த மச்சானுக்கு நலம் விசாரித்து எழுதிய கடிதம் கசப்பான ஏமாற்றத்தில் ஆரம்பித்துக் கடும் நடவடிக்கையில் முடிந்தது. மச்சான் பயந்துபோய் ஒரு கைக்கடிகாரமும் ஒரு டஜன் சோப்பும் அனுப்பினார், அக்காளை நன்றாகத்தான் வைத்திருக்கிறேன் என்று அடியில் மூன்று தடவை எழுதியிருந்தார். இன்னொருத்தன் பஸ் கம்பெனிக்கு வேலை கேட்டு விண்ணப்பம் போட்டான். கம்பெனி அவனுக்கு வேலை தரவில்லை, இலவச பாஸ் தந்தது. தாணு சாரின் புகழ் ராயகிரி வரைக்கும் போனது.

அப்போதுதான் அந்த வேலை வந்தது. சங்கத்தின் பள்ளிக்கூடத்துக்கு நிரந்தரமாக ஓர் இங்கிலீஷ் வாத்தியாரைப் போட மேலே ஒத்துக்கொண்டார்கள். பெர்மனென்ட். மாதச் சம்பளம், பென்ஷன், 'சார்' என்று அரசாங்கமே கூப்பிடும். தாணு சார் அதுவரைக்கும் பகலில் சாரல் விலாஸில் எச்சில் கோப்பை கழுவிக்கொண்டுதான் இருந்தார். சாயங்காலம் நாலரை மணி வரைக்கும் 'ஏலே தாணு', ஆறு மணியிலிருந்து 'தாணு சார்'. இந்த வேலை கிடைத்தால் நாள் முழுக்கச் சார். கிடைக்காவிட்டால் சாயங்கால வகுப்பையும் புது வாத்தியாரே எடுத்துக்கொள்வார். அப்புறம் சாகிறவரைக்கும் ஏலேதான்.

போட்டிக்கு ஒரே ஆள். பண்பொழி கல்யாணசுந்தரி. முறையாக டிரெயினிங் முடித்தவர். நிஜமாகவே இங்கிலீஷ் தெரிந்தவர். மூன்று வருஷமாக வேலை கேட்டு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறவர்.

"எங்க எல்லாருக்கும் உங்க மேல பிரியம்தான் சார்," என்றார் ஹபீபுல்லா சாயபு. "ஆனா டீச்சர்கிட்ட சர்டிபிகேட்டு இருக்கு. உங்ககிட்ட தகரப்பெட்டிதான் இருக்கு. கையெழுத்துப் போடப்போற அதிகாரி சனிக்கிழமை வாராரு. வரவேற்புப் பத்திரம் நீங்க எழுதி நீங்களே வாசிங்க. இங்கிலீஷ்ல, நாலு பக்கத்துக்கு. ரோஸ் தாள்ல அச்சடிச்சுக் கண்ணாடி போட்டுக் குடுத்துருவோம். அதைக் கேட்டு அவரு மனசு குளிர்ந்தா வேலை உங்களுக்கு. அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அந்தக் காலத்தில் வரவேற்புப் பத்திரம் இல்லாமல் ஓர் அதிகாரி ஊருக்குள் காலை வைக்கமாட்டார். ஆடு வெட்டாவிட்டாலும் மன்னிப்பார், கண்ணாடி போட்ட புகழ்ச்சி இல்லாவிட்டால் மன்னிக்கமாட்டார்.

தாணு சார் வீட்டுக்கு வந்து தகரப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மூட்டைப்பூச்சி, புளித்த பால், நாற்றம், திமிர் பிடித்த வேலைக்காரன், காணாமல் போன கம்பளி, பொய் வாக்குறுதி. இரண்டாயிரம் தாளில் ஒரு நல்ல வார்த்தை இல்லை. மறுநாள் லாட்ஜில் முதலாளி கண் அயர்ந்த நேரம் விசிட்டர்ஸ் புக்கைத் திறந்தார். கிழிபடாமல் தப்பிய பக்கங்களில் புகழ்ச்சி இருக்குமே. இருந்தது. 'குட்.' 'நைஸ்.' 'வெரி நைஸ்.' ஒரு ஜட்ஜ் 'ஓகே' என்று மட்டும் எழுதித் தேதி போட்டிருந்தார். எல்லாம் ஒற்றைக் கட்டை. ஒன்றுக்காவது ஜோடி இல்லை.

வெட்கத்தை விட்டுப் பஸ் ஏறிப் பண்பொழிக்குப் போனார். கல்யாணசுந்தரி வாசலில் நின்று பேச வைக்காமல் உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டார்.

"டீச்சர், நீங்க எனக்குப் போட்டின்னு தெரியும். இருந்தாலும் நல்லதா நாலு ஜோடி வேணும். பெரிய மனுசங்களைப் புகழுதது மாதிரி."

கல்யாணசுந்தரி ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"எல்லாம் இதுல இருக்கு. மேலான பார்வை, ஆழ்ந்த நன்றி, உயர்ந்த மதிப்பு, தாழ்மையான வேண்டுகோள். மூணு வருசமா அனுப்பின விண்ணப்பத்து நகலு. உங்களுக்கு எது வேணுமோ எடுத்துக்கிடுங்க. எனக்கு இனிமே தேவைப்படாது போலத்தான் இருக்கு."

"இதுக்கெல்லாம் என்ன பதில் வந்துச்சு?"

"வந்திருந்தா நீங்க ஏன் இங்கன வாரிய?"

தாணு சார் யோசித்தார். மூன்று வருஷம் கொடுத்தும் கேட்காத மருந்து. இதைத் தான் வாங்கிக் குடித்து என்ன ஆகப்போகிறது? கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டார். வேறு யாராவது இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு பிழைத்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் தாளில் ஒரு வரி விழவில்லை. முப்பிடாதியம்மாள் பீடிக்கட்டை நூலால் இறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"உங்ககிட்ட இருக்கிறதெல்லாம் கெட்ட வார்த்தை. அவருக்கு வேண்டியது நல்ல வார்த்தை. அவ்வளவுதான? ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இல்லன்னு போடுங்க."

"என்னட்டி சொல்லுத?"

"என்னையப் பேசி முடிக்க வந்தப்போ எங்க அத்தை என்ன சொன்னா? பொண்ணுக்கு மாறுகண்ணு இல்ல, தெத்துப்பல்லு இல்ல, திருட்டுக் கை இல்ல, இழுப்பு இல்லன்னா. அதைக் கேட்டுட்டுத்தான சரின்னிய. நம்ம பக்கத்துல பொண்ணை வேற எப்படிப் புகழுதாங்க?"

"வாயைப் பத்தி உங்க அத்தை ஒண்ணும் சொல்லலியே."

"அதான் கல்யாணம் நடந்துச்சு."

தாணு சார் உட்கார்ந்தார். ஒரே மூச்சில் நாலு பக்கம். ராத்திரியோடு ராத்திரியாக அச்சாபீஸில் ரோஸ் தாளில் அச்சாகிவிட்டது.

சனிக்கிழமை காலை அதிகாரி வந்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பேரன்மார் இருக்கிறார்கள். முதலில் ஜீப்பிலிருந்து தொப்பை இறங்கியது. மாலைபோட்டு, அதற்குச் சந்தனம் தடவி முடித்த பிறகு அவர் இறங்கினார். பக்கத்தில் அவருடைய குமாஸ்தா. பந்தலின் முதல் வரிசையில் தாணு சாரின் மாணவர்கள் இருபது பேரும் கஞ்சி போட்ட சட்டையோடு இருந்தார்கள். ஓரத்து பெஞ்சில் கல்யாணசுந்தரி சர்டிபிகேட்டு உறையோடு உட்கார்ந்திருந்தார்.  தாணு சார் ரோஸ் தாளைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார்.

எல்லாம் கணீரென்ற இங்கிலீஷ். அதன் பொருள் இதுதான். மாட்சிமை தங்கிய ஐயா அவர்களே, தங்களிடம் படு அலட்சியம் இல்லை.

'க்ராஸ் நெக்ளிஜென்ஸ்' என்ற சத்தம் காதில் விழுந்ததும் மசூதும் அவன் ஜோடியும் சட்டென்று எழுந்து நின்றார்கள். பழக்கம். எழாவிட்டால் பெருக்க வேண்டுமே. எழுந்தவர்கள் விறைப்பாக அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி அவர்களைப் பார்த்தார்.

தங்களால் எங்களுக்குக் கசப்பான ஏமாற்றம் இல்லை. பரீதும் பக்கத்திலிருந்தவனும் எழுந்தார்கள். தங்கள் கோப்புகளில் விளக்கமில்லாத தாமதம் இல்லை. இரண்டு பேர் எழுந்தார்கள்.

அதிகாரி குமாஸ்தா பக்கம் சாய்ந்தார். "யாருய்யா இவங்க? எதுக்கு எந்திரிக்கிறாங்க?"

"தெரியலை சார். சாட்சி சொல்ல வந்தவங்க மாதிரி இருக்கு."

தாணு சார் தலை நிமிராமல் வாசித்தார். தங்கள் வீட்டில் காணாமல் போன கம்பளிகள் இல்லை. இரண்டு பேர் எழுந்தார்கள். போன மார்கழியில் ஒரு மாணவர் விடுதிக்கென்று அரசாங்கம் அனுப்பிய முந்நூறு கம்பளி விடுதிக்குப் போய்ச் சேரவே இல்லை. அதில் ஒன்றின் மேல்தான் அன்றைக்குக் காலையில் அதிகாரி தூங்கி எழுந்திருந்தார். தாணு சாருக்கு இது எங்கே தெரியும்? அவர் வாசித்தது ஏழாம் நம்பர் அறையில் ஒரு துரை தொலைத்த கம்பளி. அதிகாரியின் நெற்றிச் சந்தனம் வியர்வையில் கரைந்து தாடை வரைக்கும் இறங்கியது.

தங்கள் வாயில் பொய் வாக்குறுதி இல்லை. இரண்டு பேர். தங்களைச் சுற்றிக் கெட்ட நாற்றம் இல்லை. இரண்டு பேர். அதிகாரி தன்னையறியாமல் தோள்பட்டையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். குமாஸ்தா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். கல்யாணசுந்தரி முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர். ஊர்க்காரர்கள் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

இரண்டாம் பக்கம் முடிகிறபோது பதினெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"போதும், போதும். ரொம்ப நல்லா இருக்கு," என்றார் அதிகாரி.

தாணு சார் பதறிப்போனார். மனசு இன்னும் குளிரவில்லை, வேலை கைநழுவுகிறது என்று பட்டது. "சார், இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு. இனிமேதான் நல்ல இடமே வருது."

"அதுல என்ன வருது?"

"உங்ககிட்ட கேவலமான நடத்தை இல்லைன்னு விலாவாரியா எழுதியிருக்கேன் சார். யாரு, என்னிக்கி, எந்த ரூம்லன்னு எல்லாம் வரும்."

அதிகாரி பேனாவை எடுத்தார். "வாத்தியார் வேலைக்கு யாரைப் போடணும்? இவரையா? இவரைப் போட்டா இவரு பள்ளிக்கூடத்துக்குள்ளயே இருப்பாரா, வெளியில போய் வாசிக்கமாட்டாரே?" ஹபீபுல்லா சாயபு வாயைத் திறப்பதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது. படிப்பு எட்டாம் வகுப்பு என்ற இடத்தில் 'அனுபவம் போதுமானது' என்று அவரே எழுதினார். கூடவே கேட்காமல் ஒரு கிணற்றுக்கும், நாலு பெஞ்சுக்கும் அனுமதி கொடுத்தார். வெந்த பிரியாணியைத் தொடாமல் ஜீப் ஏறினார். கண்ணாடி போட்ட பத்திரத்தை வாங்கிக்கொள்ளவில்லை. மறுநாள் ஆள் அனுப்பி அதையும், அச்சாபீஸில் மிச்சமிருந்த பிரதிகளையும், எழுத்து கோத்த அச்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போனார்.

தாணு சார் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டார். தன் இங்கிலீஷ் ஓர் அதிகாரியின் மனசை இப்படி உருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. யாரும் அவரிடம் நிஜத்தைச் சொல்லவும் இல்லை. சொல்லத் தெரிந்தவர் அந்தப் பந்தலில் ஒருத்தர்தான், அவர் உறையை மடியில் வைத்துக்கொண்டு எல்லோரும் போனபிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் கல்யாணசுந்தரி நூல் கிடங்கு வாசலில் வந்து நின்றார்.

"சார், என்னையும் வகுப்புல சேத்துக்கிடுங்க. எனக்கு ஒரு அட்டை வேணும்."

தாணு சாருக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. "நீங்க படிச்சவங்க டீச்சர். உங்களுக்கு நான் என்ன சொல்லிக்குடுக்க?"

"நான் படிச்சதுல இது இல்ல. ஸ்டெர்ன் ஆக்‌ஷனை எனக்குக் குடுங்க. ரெண்டு அட்டையும் நானே வச்சிக்கிடுதேன்."

ஒரே மாதம் படித்தார். பிறகு உட்கார்ந்து அதே அதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் 'இல்லை' என்கிற வார்த்தையை மட்டும் சேர்க்கவில்லை. அடுத்த வாரமே செங்கோட்டையில் தலைமையாசிரியை வேலைக்கு ஆர்டர் வந்து—

"நிறுத்தும் வே." அருவிக்கரையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு நின்று கதை கேட்டுக்கொண்டிருந்த பண்பொழி மாடன் குறுக்கே வந்தார். "எங்கன வந்துச்சு ஆர்டரு? கல்யாணசுந்தரி எங்க சின்னம்மை மக. எந்த ஆர்டரும் வரல. இன்னிக்கி வரைக்கும் வீட்டுல டியூசன் எடுத்துட்டு இருக்கா. டிரெயினிங் படிச்சவ வீட்டுல, வெந்நீர் சுமந்தவன் பெர்மனென்ட்டு. இதைச் சிரிச்சுக்கிட்டுச் சொல்லுதீரு."

"அதுக்கு தாணு சார் என்ன செய்வாரு?" பாறையில் உட்கார்ந்திருந்த அச்சன்புதூர் ஷேக் மைதீன் எழுந்தார். "அன்னிக்கி எந்திரிச்சு நின்னதுல ஒருத்தர் எங்க வாப்பா. சார்கிட்ட படிச்ச இருவது பேரும் இன்னிக்கி தானா மனு எழுதுதாங்க. உங்க டீச்சர் எத்தனை பேரை எழுத வச்சா?"

"எழுதவா சொல்லிக்குடுத்தாரு? ஏசல்லா சொல்லிக்குடுத்தாரு."

"ஏசினாத்தான நூலு வந்துச்சு. கும்பிட்டுக்கிட்டே இருந்த டீச்சருக்கு என்ன வே வந்துச்சு?"

"எங்க தங்கச்சியைப் பேசுதியாலே?"

மாடன் கிண்ணத்தை வீசினார். ஷேக் மைதீன் அவர் தோளைப் பிடித்தார். எண்ணெயில் பிடி நிற்கவில்லை. மாடன் ஓங்கிய கை வழுக்கிக்கொண்டு போய், பேசாமல் ஓரத்தில் துண்டு பிழிந்துகொண்டிருந்த ராயகிரிக்காரர் கன்னத்தில் விழுந்தது. அவருக்கு அதுவரைக்கும் இந்தக் கதையில் எந்தக் கட்சியும் இல்லை. இப்போது துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வருகிறார்.